பழைய வீட்டுச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்!

பழைய வீட்டைச் செப்பனிட ஆளைக் கூப்பிட்டால், சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே அவர் வாயில் வருவது சிமெண்ட்தான். ஓதமா? சிமெண்ட் பூசலாம். காரை பெயர்ந்துவிட்டதா? கொத்திவிட்டு சிமெண்ட் பூசலாம். தளம் ஒழுகுகிறதா? மேலே இன்னொரு படலம் சிமெண்ட் போடலாம். கும்பகோணத்தில் தாத்தா காலத்து வீட்டைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஐயா, அது செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒன்றரை அடிச் சுவர். இன்றைய வீடுகளைப் போல அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பட்டை எதுவும் அதற்குக் கிடையாது. காவிரிக்கரை மண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் நீர் ஊறும். அந்த ஈரம் செங்கல் வழியே மேலே ஏறத்தான் செய்யும். இது கட்டியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஈரத்தை வெளியே விடுகிற சுண்ணாம்புக் காரையைப் பூசி, அதன் மேல் வெள்ளையடித்தார்கள். மழைக்காலத்தில் குடித்த நீரைச் சுவர் வெயில் வந்ததும் ஆவியாக விட்டுவிடும். எங்கேனும் கொஞ்சம் காரை உதிரும்; உதிர்ந்த இடத்தில் பூசிக்கொள்வார்கள். காரை உதிர்ந்தாலும் உள்ளே செங்கல் பிழைத்துக்கொள்ளும்.

அதன் மேல் சிமெண்டைப் பூசினால் என்ன ஆகும்? ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைத்தால் காயுமா? வெளியேற வழியில்லாத நீர் இன்னும் மேலே ஏறுகிறது. முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்பு உயரத்துக்கு வருகிறது. நீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. உடனே இவர்கள் என்ன செய்கிறார்கள்? இன்னும் கெட்டியான கலவை! அதில் நீர் புகாத ரசாயனம்! மேலே சுவரை வழவழப்பாக்கும் புட்டி மாவு! அதற்கும் மேலே எமல்ஷன் பெயிண்ட்! சுவர் மூச்சுவிட மிச்சமிருந்த துளைகளையும் அடைத்துவிட்டு, "பழைய வீடு இப்படித்தான் சார், இடித்துவிடுவதுதான் நல்லது" என்கிறார்கள். வீட்டை நோயில் தள்ளியதும் அவர்கள்தான், அதற்குச் சாவு நாள் குறிப்பதும் அவர்கள்தான்.

"சுண்ணாம்பில் உறுதி கிடையாது" என்று கூசாமல் சொல்கிறார்கள். நூறு ஆண்டு நின்ற சுவரில் சாய்ந்துகொண்டு சொல்கிறார்கள்! சென்னையில் 1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையைப் புதுப்பித்தபோது சுண்ணாம்புக் காரையைத்தான் பூசினார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்துக்குப் போதுமான உறுதி எங்கள் கூடத்துச் சுவருக்குப் போதாதா?

உண்மைக் காரணம் வேறு. சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். கல்லை நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்க்க வேண்டும். மெல்லிய படலமாகப் பூசி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் மறுபடி கல்லாக இறுகும். நான்கு நாளில் வேலையை முடித்துப் பணம் வாங்க நினைப்பவருக்கு இது ஒத்துவராது. சரி, எனக்கு நேரமில்லை, அந்த வேலை தெரியாது என்று நேராகச் சொல்லுங்கள், மதிக்கிறேன். பொருளின் மீது ஏன் பொய்ப் பழி போடுகிறீர்கள்? இந்த வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் கரணையைப் பிடிக்கிற நிதானத்தைப் பார்க்கவே மனம் நிறைந்தது. அவருக்கு இப்போது வேலை கொடுப்பாரே இல்லை என்று கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

எனக்குச் சிமெண்ட் மீது பகை கிடையாது. எங்கள் கூடத்துச் சிவப்புக் காவித் தரையிலும் சிமெண்ட் இருக்கிறது. செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரைக்கல்லிலும் இருக்கிறது. அந்தந்த இடத்தில் அது அழகாகவே உழைக்கிறது. ஆனால் அந்தத் தரையையும் விட்டுவைக்கிறார்களா? ஒரு மூலையில் விரிசல் கண்டதும் மொத்தத்தையும் கொத்திவிட்டு, வழுக்குகிற பளபளப்பு டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து மூன்று தலைமுறைப் பெண்கள் ஏற்றிய மெருகு அது! தேக்குக் கதவுக்குக் காப்பி நிற எனாமல், முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் கூரை. பிறகு வீட்டுக்குள் புழுக்கம் என்று ஏசி மாட்டச் சொல்கிறார்கள். காற்று வந்த வழியை மூடியது யார்?

உறவினர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். "இவ்வளவு செலவுக்குப் புது வீடே கட்டலாமே" என்கிறார் சித்தப்பா. தூண்களை மட்டும் பழம்பொருள் கடைக்குக் கொடுத்தால் நல்ல விலை வரும் என்று கணக்கும் சொல்கிறார். அந்தத் தூண்கள் தாங்கிக்கொண்டிருக்கும் கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் சொல்கிறார்!

அடுத்து பின்கட்டுச் சுவர் வேலை. சுண்ணாம்பு தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது, பெரியவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். உதவி செய்கிறேன் என்று யாராவது அங்கே ஒரு மூட்டை சிமெண்டை இறக்கினால், வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.