லைனுக்குப் போகிறவருக்கு என்ன கிடைக்கிறது?

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் சிறு கம்பெனி ஒன்றில் 14 வருடமாக வேலை செய்கிறேன். முதல் 9 வருடம் லைனில் இருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு மதுரை, தேனி, விருதுநகர் என்று கடை கடையாக ஏறி ஆர்டர் எடுப்பதும் கலெக்‌ஷன் பண்ணுவதும்தான் வேலை. இப்போது ஆபீஸில் இருக்கிறேன். லைனில் இருக்கும் 11 பேருக்கும் ஆபீஸுக்கும் நடுவில் ஓடுகிற சாஃப்ட்வேர் என் பொறுப்பு.

போன வாரம் பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். அவருக்கு 9 மாவட்டங்களில் டீலர்கள் இருக்கிறார்கள். "எந்த ஆப் வாங்கலாம், நீங்களே சொல்லிடுங்க" என்றார். "அதுல தினமும் எழுதப்போறது யாருங்க? எழுதுறவருக்கு அதனால என்ன கிடைக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "முதலாளிக்கு ரிப்போர்ட் வேணும்ல" என்றார். அன்றைக்குப் போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களிடமும் முதலில் இருந்தது வாட்ஸ்அப் குரூப்தான். ஆர்டர், செக் போட்டோ, லாரி ரசீது, "2 லிட்டர் டேபிள் டாப் ஸ்டாக் இருக்கா?" எல்லாம் அதில்தான் ஓடும். லைனில் 5 பேர் இருந்தவரை பிரச்சினையே இல்லை. ஆட்களும் டீலர்களும் கூடக் கூடத்தான் திணற ஆரம்பித்தது.

ஒரு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் அருப்புக்கோட்டை டீலர் ஒருவர் 40 டில்டிங் கிரைண்டர் வேண்டும் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். எங்கள் ஆள் அதை அப்படியே குரூப்பில் போட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் அதன்மேல் ஐம்பது அறுபது மெசேஜ் வந்து விழுந்தது. யாரோ ஒருவர் கட்டைவிரல் போட்டார். கட்டைவிரல் போட்டவர் பார்த்துக்கொள்வார் என்று மற்ற எல்லோரும் விட்டுவிட்டோம். கேட்டுவிட்டேன் என்று காட்டத்தான் அவர் போட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் டீலர் எனக்கே போன் பண்ணினார். "ஒங்க சரக்கு வரும்னு நம்பி வேற கம்பெனிக்காரரத் திருப்பி அனுப்பிட்டேன் தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவ்வளவுதான் சொன்னார். அந்த சீசன் அவர் கடையில் எங்கள் கிரைண்டர் இல்லை.

குரூப்பில் விழுகிற மெசேஜுக்கு யார் பொறுப்பு, என்றைக்குள் முடிக்க வேண்டும், முடிந்ததா என்ற மூன்றும் கிடையாது. இன்னொரு நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. லைன் ஆள் ஒருவர் வேலையை விட்டுப் போனால், ஐந்து வருடமாக டீலர்களோடு அவர் பேசி வைத்த விலை, வாக்கு, தகராறு எல்லாம் அவருடைய போனோடு போய்விடும்.

சரி, இதற்குத் தீர்வு என்று ரெடிமேட் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினோம். ஒரு கடைக்குப் போய் வந்தால் 23 கட்டம் நிரப்ப வேண்டும். பாதிக்கு மேல் நட்சத்திரக் குறி, நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. மூன்று மாதம் கழித்து முதலாளி மேஜையில் வண்ண வண்ணமாக வரைபடங்கள் வந்தன. பார்க்க அருமையாக இருந்தன. ஆர்டர் மட்டும் முன்பு மாதிரியேதான் தவறியது.

என்ன நடக்கிறது என்று பார்க்க, தேனி லைன் பார்க்கிறவரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். 14 கடை ஏறினோம். ஒரு கடையில்கூட அவர் போனை எடுத்து ஆப்பைத் திறக்கவில்லை. ராத்திரி எட்டரை மணிக்கு உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில், டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 14 கடைக்கும் சேர்த்து நிரப்ப ஆரம்பித்தார். 'வாடிக்கையாளர் கருத்து' கட்டத்தில் ஒரு புள்ளி. 'போட்டி கம்பெனி விவரம்' கட்டத்தில் 'இல்லை'. 'அடுத்த சந்திப்பு' கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தேதி. பஸ் வந்துவிட்டது, மீதி ஆறு கடையை பஸ்ஸில் நின்றுகொண்டே முடித்தார்.

ஆனால் அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. ஒவ்வொரு கடையை விட்டு இறங்கியதும் அதில் ஒரு வரி எழுதினார். "6 டேபிள் டாப். செக் வெள்ளி." "பெல்ட் 10 கேட்டார், போன தடவையும் கேட்டார்." "பழைய பாக்கி 18, தை கல்யாணம், அப்புறம் தருவார்." கம்பெனிக்குத் தேவையானது மொத்தமும் அந்த நோட்டில் இருந்தது. நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரில் இருந்தது புள்ளி.

பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது, இது ரொம்பப் பழைய பிரச்சினை. குழுவாக வேலை செய்வதற்கான மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று 1988-லேயே ஜொனாதன் குரூடின் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன முக்கியமான காரணம், கூடுதல் உழைப்பு ஒருவர் தலையில் விழுகிறது, பலன் இன்னொருவருக்குப் போகிறது என்பது. மீட்டிங்குக்குத் தானாக நேரம் குறிக்கும் கேலண்டரை உதாரணமாகக் காட்டினார். மீட்டிங் கூட்டுகிற மேலாளருக்கு வசதி. அதற்காக மற்ற எல்லோரும் தங்கள் கேலண்டரை நாள் தவறாமல் நிரப்பி வைக்க வேண்டும். அதைப் படித்தபோது எனக்கு உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுதான் கண் முன்னால் வந்தது.

'குரூப்வேர்' என்ற சொல்லை 1978-ல் உருவாக்கிய பீட்டர், ட்ரூடி ஜான்சன்-லென்ஸ் தம்பதியும், ஒரு குழு தெரிந்தே வகுத்துக்கொண்ட நடைமுறை, அதற்குத் துணை நிற்கும் மென்பொருள், இரண்டும் சேர்ந்ததுதான் அது என்றார்கள். நாம் மென்பொருளை வாங்கிவிட்டு, ஆட்களை அதற்குள் திணிக்கப் பார்க்கிறோம்.

அந்த நோட்டைத்தான் நாங்கள் ஃபாரம் ஆக்கினோம். கடை பெயரைத் தட்டினால் நான்கே கட்டம்: ஆர்டர், பணம், கேட்ட பொருள் அல்லது புகார், அடுத்து எப்போது. எழுத நேரமில்லை என்றால் தமிழில் பேசிப் பதிவு பண்ணலாம். புரோகிராம் எழுதாமலே ஆப் கட்டிக்கொள்ள உதவும் ஆப்ஷீட்டில் செய்தோம். 2020-ல் கூகுள் வாங்கிய கம்பெனி அது, கூகுள் ஷீட்டின் மேலேயே உட்காரும். சிக்னல் இல்லாத இடத்தில் எழுதி வைத்தாலும், சிக்னல் வந்ததும் அனுப்பிக்கொள்ளும். மேகமலை, வால்பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு இது இல்லாமல் எந்த ஆப்பும் உதவாது.

அடுத்து பெயர்களை மாற்றினோம். பழைய சாஃப்ட்வேரில் 'லீட்', 'ஆப்பர்சூனிட்டி', 'நெகோஷியேஷன்' என்று படிகள் இருந்தன. எங்கள் ஆட்களில் இரண்டு பேர் எல்லாக் கடையையும் 'லீட்' என்றே வைத்திருந்தார்கள், ஏனென்றால் அடுத்த படி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது இருப்பது: விசாரிச்சாங்க, விலை சொல்லியாச்சு, ஆர்டர் வந்தாச்சு, சரக்கு போயாச்சு, பணம் வந்தாச்சு. லைன் ஆட்கள் போனில் பேசும்போது சொல்கிற வார்த்தைகளே இவை. இவற்றில் யாருக்கும் குழப்பம் வந்ததே இல்லை. சாஃப்ட்வேரை மாற்றி அமைப்பது என்றால் புரோகிராம் எழுதுவது என்று பலரும் பயப்படுகிறார்கள். எங்களுக்கு அதிகப் பலன் கொடுத்தது இந்த ஐந்து பெயர்கள்தான், ஒரு மதிய நேர வேலை.

ஆனாலும் முதல் இரண்டு வாரம் பாதிப் பேர் எழுதவில்லை. எழுத வைத்தது பேட்டா, அதாவது பயணப்படி.

லைனில் இருந்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை வந்தால் பஸ் டிக்கெட்டையெல்லாம் வெள்ளைத்தாளில் ஒட்டி, எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி, அக்கவுண்ட்ஸில் கொடுத்து, அவர்கள் ஒன்றை வெட்டி, நாம் போய் நின்று கேட்டு, அடுத்த வாரம் பாதி வரும். 9 வருடம் நான் அப்படி நின்றிருக்கிறேன். கடைக்குப் போனதும் அவர்கள் எழுதும் அந்த நான்கு கட்டத்திலிருந்தே பேட்டா கணக்கும் தானாக வரும்படி செய்தோம். சனிக்கிழமை மாலை பணம் வங்கிக் கணக்கில் விழும், தாளும் இல்லை பசையும் இல்லை. மூன்றாவது வாரம் 11 பேரும் கடை வாசலிலேயே எழுத ஆரம்பித்தார்கள்.

கூடவே இன்னொன்றும் கொடுத்தோம். தினமும் காலையில் கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரிலிருந்து டீலர் பாக்கியை எடுத்து ஷீட்டில் ஏற்றிவிடுகிறோம். கடைப் படி ஏறும் முன் அந்த டீலர் எவ்வளவு தர வேண்டும், எத்தனை நாள் ஆகிறது என்று லைன் ஆளுக்குத் தெரியும். முன்பெல்லாம் இதைக் கேட்க அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்காவுக்கு நாள் முழுக்கப் போன். இப்போது அவர் மத்தியானச் சாப்பாட்டை இடையில் எழுந்து போகாமல் சாப்பிடுகிறார்.

ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டும் வசதி பழைய சாஃப்ட்வேரில் இருந்தது. புதியதில் வேண்டாம் என்று முதலாளியிடம் இரண்டு நாள் வாதாடினேன். டீக்கடையில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தால், அவர் கடையில் நிற்கிற மாதிரி காட்டத்தான் கற்றுக்கொள்வார். ஆர்டர் ஏன் வரவில்லை என்று எந்த வரைபடமும் சொல்லாது, அந்தச் சின்ன நோட்டு சொல்லும். முதலாளி ஒத்துக்கொண்டார். அதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

டீலரிடம் ஆப் போடச் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பாத்திரக் கடைக்காரர் பத்துப் பதினைந்து கம்பெனிச் சரக்கு விற்கிறார். ஆளுக்கு ஒரு ஆப் கொடுத்தால் அவர் எதைத் திறப்பார்? அவர் எப்போதும் போல ஒரே வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்புகிறார். ஆபீஸில் ஒருவர் அதை ஆர்டராக, பொறுப்பாளர் பெயரும் தேதியும் போட்டு உள்ளே ஏற்றுகிறார். டீலருக்கு ஆர்டர் நம்பரும், சரக்கு கிளம்பியதும் லாரி ரசீது போட்டோவும் அதே வாட்ஸ்அப்பில் போகும். வாசல் வாட்ஸ்அப், உள்ளே நடப்பது வேறு.

எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று விடுவதிலும் ஆபத்து இருக்கிறது. எல்லா டீலர் விலையும் ஒரே எக்செல்லில் இருந்த காலத்தில், அது எப்படியோ ஒரு டீலர் கைக்குப் போய்விட்டது. பக்கத்து ஊர்க்காரருக்கு 3 சதவீதம் கூடுதல் தள்ளுபடி என்று பார்த்துவிட்டார். அந்தத் தள்ளுபடிக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது, ஆனால் மனசு ஒடிந்த பிறகு காரணம் எடுபடாது. அவரைச் சமாதானப்படுத்த ஒரு வருடம் ஆனது. இப்போது லைன் ஆளுக்கு அவர் லைன் மட்டுமே தெரியும்.

புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்பது பெரிய கம்பெனி விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புது டீலர் போடுவது ஒரு புராஜெக்ட்தான். டெபாசிட் செக், ஜிஎஸ்டி சான்று, கடை போர்டு, டெமோ பீஸ், முதல் லாட், விலைப்பட்டியல், அந்த ஊர் மெக்கானிக்குப் பயிற்சி. ஐந்து பேர் மூன்று ஊரில் இருந்து செய்ய வேண்டிய வேலை. எங்களிடம் சரக்கு போய் ஒரு மாதம் கழித்து போர்டு போன கதை உண்டு. இப்போது புது டீலர் பெயரை ஏற்றியதுமே இந்த வேலைகள் அத்தனையும் ஆள் பெயரோடும் தேதியோடும் பிறந்துவிடும். ஆடித் தள்ளுபடிக்கும் இதே முறைதான். எந்த வேலை எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று கோடு போட்டுக் காட்டும் பெரிய அட்டவணை ஒன்றும் வைத்துப் பார்த்தோம், யாரும் திறக்கவில்லை. 'இன்றைக்கு என் பெயரில் என்ன இருக்கு' என்ற ஒரே திரையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

மாற்றி அமைப்பதில் ஒரு போதையும் இருக்கிறது. குழுவாக வேலை செய்வதற்காக 1989-ல் வந்த லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருள் இதற்குப் பெரிய உதாரணம். அவரவர் வேலைக்குத் தக்கபடி ஃபாரம் கட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் பலம். 1995-ல் ஐபிஎம் கைக்குப் போய், 2019-ல் எச்சிஎல் கைக்கு வந்தது. ஆபீஸ் ஆபீஸாகக் கட்டிய அந்த ஃபாரங்களை விட்டு வெளியே வர முடியாமல் பல கம்பெனிகள் வருடக்கணக்கில் திண்டாடின. எங்கள் அளவில் நாங்களும் பட்டோம். ஷீட்டில் ஃபார்முலா எழுதிய தம்பி பெங்களூருக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு நாள் யாரோ ஷீட்டில் ஒரு நெடுவரிசையின் தலைப்பை மாற்ற, அரை நாள் ஆர்டர் ஏறவில்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். என்ன மாற்றினோம், யார் கேட்டார், ஏன், எந்தத் தேதி என்று தமிழிலேயே எழுதுகிறோம். மாற்றம் மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும். புதுக் கட்டம் ஒன்று வேண்டும் என்று யார் கேட்டாலும், முதலாளியே கேட்டாலும், இருப்பதில் ஒன்றை எடுத்தால்தான் போடுவோம்.

நண்பர் ஆப் பெயரைக் கேட்டாரே. இஆர்பிநெக்ஸ்ட், ஸோஹோ கிரியேட்டர், ஒடூ, எங்களைப் போல ஆப்ஷீட், எதிலும் இதைச் செய்யலாம். அடிப்படை புரோகிராமில் கை வைக்காமல் கட்டங்களைக் கூட்டிக் குறைக்க எல்லாவற்றிலும் வழி இருக்கிறது. வாங்குவதற்கு முன் நான்கு நாள் லைனில் போய்விட்டு வாருங்கள் என்பதுதான் நான் அவரிடம் கேட்டுக்கொள்வது. மேலாளரை அனுப்பாமல், நீங்களே போங்கள்.

எங்களிடம் இன்னும் சரியாகாதது மெக்கானிக்குகள் கணக்கு. வாரண்டி கிரைண்டருக்குப் பெல்ட்டை அவர்கள் கைக்காசு போட்டு மாற்றிவிட்டு, அந்தப் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை ஈரோடு மெக்கானிக் ஒருவரோடு அவர் வண்டியில் கிளம்புகிறேன். அவர் சட்டைப் பையிலும் ஒரு நோட்டு இருக்கிறது, பார்த்திருக்கிறேன்.