52 எபிசோடு தப்பு, அரை எபிசோடு ஸாரி

(கும்பகோணத்தில் ஒரு தையல் கடை. ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியம். கல்பனா வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். விடிந்தால் நாத்தனார் மகள் கல்யாணம். செல்வி கடைக்காரர். மெஷின் மேல் போன், போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஆடியோ நாவல் ஓடுகிறது.)

கல்பனா: செல்வி, என் ஜாக்கெட்.

செல்வி: உஷ்... ஒரு நிமிஷம் அக்கா. தாலி கட்டப் போகிறான்.

கல்பனா: யார்?

செல்வி: விக்ராந்த் சக்கரவர்த்தி. ஊட்டியில் எஸ்டேட், சென்னையில் கம்பெனி, சிங்கப்பூரில் என்னமோ ஒன்று. வயது 28.

கல்பனா: பெண்ணுக்குச் சம்மதமா?

செல்வி: மயக்கத்தில் இருக்கிறாள்.

கல்பனா: அதற்கு எங்கள் ஆபீஸில் கல்யாணப் பத்திரிகை அடிக்க மாட்டார்கள், எஃப்.ஐ.ஆர். நகல்தான் எடுப்பார்கள். நிறுத்து அதை. ஜாக்கெட் எங்கே?

செல்வி: ஆகிவிட்டது அக்கா. அதாவது, ஆகிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள், ஃபேன் போடுகிறேன். இவனைச் சும்மா திட்டாதீர்கள், பாவம், இவன் அப்பா சாவுக்கு அவள் அப்பாதான் காரணம்.

கல்பனா: அவள் அப்பா கிடையாது. சித்தப்பா.

செல்வி: அக்கா! படித்துவிட்டீர்களா? முடிவைச் சொல்லாதீர்கள்!

கல்பனா: நான் எங்கே படித்தேன்? முதல் எபிசோடில் ஒரு சித்தப்பா காபி குடித்தபடி தனக்குத்தானே சிரித்திருப்பாரே?

செல்வி: (சற்று யோசித்து) சுக்குக் காபி.

கல்பனா: அவர்தான். நாற்பத்தைந்தாவது எபிசோடில் பிடிபடுவார். அதுவரைக்கும் இவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டான், அவளும் சொல்ல மாட்டாள். ஒருத்தி வாயைத் திறந்து "எங்கள் அப்பா அன்றைக்கு ஊரிலேயே இல்லை" என்று சொல்லியிருந்தால் கதை நாலு பக்கத்தில் முடிந்திருக்கும். சரி, நேற்று என் மாமியார் இங்கே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஹெம்மிங்குக்குக் கொடுத்திருக்கிறேன் என்று நீ சொன்னாயாம். வந்துவிட்டதா ஹெம்மிங்கிலிருந்து?

செல்வி: அதை விடுங்கள் அக்கா, எனக்கு ஒரு வயிற்றெரிச்சல், உங்களிடம்தான் சொல்ல முடியும். போன வாரம் ஒன்று கேட்டேன். ஹீரோ கோபத்தில் காரை எடுத்துக்கொண்டு போகிறான், மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை எடுக்கிறான், ராத்திரியே பிளவுஸோடு கொண்டு வந்து கட்டிலில் எறிகிறான். காலையில் அவள் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறாள். பிளவுஸ் அப்படியே உடம்போடு ஒட்டினாற்போல் கச்சிதமாம்! "என் அளவு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்க, இவன் கண்ணைச் சிமிட்டுகிறான். (கத்தரிக்கோலை மேஜையில் ஓங்கி வைக்கிறார்.) கண்ணைச் சிமிட்டினால் ஆர்ம்ஹோல் வந்துவிடுமா அக்கா? நான் அளவு ஜாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு, மேலே டேப்பும் பிடித்து, மார்புச் சுற்று, இடுப்பு, தோள், கை இறக்கம், முன்கழுத்து, பின்கழுத்து எல்லாம் நோட்டில் எழுதி, உங்கள் துணியிலிருந்து ஒரு துண்டை அதே பக்கத்தில் குண்டூசி குத்தி வைத்தும், அக்குளில் பிடிக்கிறது என்று திரும்பி வருகிறீர்கள்.

கல்பனா: பிடித்ததற்காக நான் வரவில்லை. கிழிந்ததற்காக வந்தேன்.

செல்வி: அது துணி அக்கா. இன்னும் கேளுங்கள். லைனிங் துணியை நனைத்துக் காயப்போடவே அரை நாள் ஆகும். அதை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி, தைத்து, பைப்பிங் வைத்து, பின்னால் நாடா வைத்து, கொக்கி கட்டிக் கொடுத்தானே ஒருத்தன், அந்த டெய்லரைப் பற்றி ஒரு வரி உண்டா? எஸ்டேட் கேட்டைத் திறக்கிறவருக்குக்கூட மாணிக்கம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

கல்பனா: நியாயம்தான். ஆனால் இப்போது எழுதுகிறவர்களுக்கு மாடிப்படிதான் முக்கியம். போன மாதம் அமேசானின் கிண்டில் ஆப்பில் ஒன்று படித்தேன், நாயகன் மாடி ஏறவே மூன்று பக்கம். முதல் படியில் அவன் தோள், மூன்றாம் படியில் அலையலையான கேசம், ஐந்தாம் படியில் முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடிக்க ஆரம்பித்தான், மாடியே வந்துவிட்டது, இன்னும் மடித்துக்கொண்டிருக்கிறான்.

செல்வி: எனக்கு மடிக்கிற இடம் பிடிக்கும்.

கல்பனா: யாருக்குத்தான் பிடிக்காது? அளவு என்று ஒன்று வேண்டாமா? காரணம் தெரியுமா உனக்கு? மாதச் சந்தா கட்டிப் படிக்கிறோமே, அதில் நாம் எத்தனை பக்கம் படிக்கிறோமோ அத்தனை பக்கத்துக்குத்தான் எழுதினவர்களுக்குக் காசு. முன்பு புத்தகத்தைத் திறந்து பத்து சதவீதம் தாண்டினாலே மொத்தமாக ஒரு தொகை கிடைத்தது. 2015 ஜூலையில் அமேசான் அதை மாற்றிப் பக்கக் கணக்காக்கிவிட்டது.

செல்வி: அடடே! எனக்கும் ஒரு தையலுக்கு இவ்வளவு என்று யாராவது கூலி கொடுத்தால், உங்கள் கை இறக்கத்தை முழங்கால்வரை கொண்டுவந்திருப்பேனே.

கல்பனா: அதையேதான் அவர்களும் செய்கிறார்கள். குறை சொல்லவும் முடியவில்லை, சமையலை முடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிற பெண்கள்தான் பாதிப் பேர். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு வக்கீலையாவது கேட்டிருக்கலாம். அந்த ஒப்பந்தக் கல்யாணம் கேட்டாயா நீ?

செல்வி: ஆறு மாதம் மனைவியாக நடிக்க வேண்டும், தம்பி ஆபரேஷனுக்குப் பணம் தருகிறேன் என்பானே, அதுவா? அந்த வகையில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

கல்பனா: ஆறு மாதம் முடிந்ததும் விவாகரத்துப் பத்திரத்தை நீட்டுகிறான், இவள் கண்ணீரோடு கையெழுத்துப் போடுகிறாள், முடிந்ததாம்! இந்து திருமணச் சட்டம் 14வது பிரிவின்படி கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் விவாகரத்து மனுவையே போட முடியாது, கொடுமை தாங்கவில்லை என்று கோர்ட்டில் தனியாக அனுமதி வாங்கினால் ஒழிய. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதானாலும் ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகும் பொதுவாக ஆறு மாதம் யோசித்துவிட்டு வா என்பார்கள். இந்தக் கோடீஸ்வரனுக்குப் பதினான்கு கம்பெனி இருக்கிறது, ஒரு குமாஸ்தா இல்லை.

செல்வி: அந்த ஆறு மாதத்தில் மனசு மாறினால்?

கல்பனா: அதைத்தான் யாராவது எழுதுங்களேன் என்கிறேன்! தேதி வாங்க கோர்ட்டுக்கு வருவார்கள், வராந்தாவில் ஒரே பெஞ்சு, வேறு இடம் இருக்காது, வெயில் தாங்காமல் ஒரு இளநீரில் இரண்டு ஸ்ட்ரா. நான் டைப் அடித்த மனுவிலேயே அப்படித் திரும்பிப் போன ஜோடி உண்டு. எங்கள் சாருக்குத்தான் பாக்கி ஃபீஸ் வரவில்லை. இதில் எஸ்டேட்டும் வேண்டாம், சுக்குக் காபிச் சித்தப்பாவும் வேண்டாம்.

செல்வி: நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் சேர வேண்டும் அக்கா. சேராவிட்டால் நான் கேட்க மாட்டேன். ஒன்றில் ஹீரோயினைச் சாகடித்துவிட்டார்கள், அன்றைக்கு ஒரு நைட்டிக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டேன்.

கல்பனா: சேராவிட்டால் அது ரொமான்ஸே கிடையாது. அமெரிக்காவில் இதற்கென்றே எழுத்தாளர் சங்கம் வைத்து, கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவாக, நம்பிக்கையாக இருக்க வேண்டும் என்று இலக்கணமே எழுதினார்கள். முடிவு தெரிந்துதானே படிக்கிறோம்? எப்படிச் சேருகிறார்கள் என்பதுதானே கதை. காலேஜில் படிக்கும்போது வாடகை நூலகத்தில் மில்ஸ் அண்ட் பூன் ஆங்கிலக் காதல் நாவல்கள் எடுப்பேன், அட்டையில் செய்தித்தாள் சுற்றி. 1908ல் லண்டனில் ஆரம்பித்த கம்பெனி. இங்கிலாந்தில் அந்த நாவல்களைக் கூழாக்கி ரோடு போட்டிருக்கிறார்கள், தெரியுமா?

செல்வி: ரோடா?

கல்பனா: எம்6 கட்டணச் சாலை. 2003ல் திறந்தார்கள். பழைய நாவல்கள் 25 லட்சம், கூழாக அரைத்து தாரோடு கலந்தார்கள். தார் நன்றாகப் பிடித்துக்கொள்ளுமாம், சத்தமும் குறையுமாம்.

செல்வி: நம் தெரு ரோட்டுக்குப் பாதியில் நின்ற தொடர்கதையைப் போட்டிருப்பார்கள் போல. எங்கள் அம்மா அப்படிச் செய்ய விடமாட்டார் அக்கா. வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கதாநாயகி அழுகிற பக்கத்தைத் திருப்பினால் பின்னால் கூந்தல் தைல விளம்பரம், பாதி வெட்டுப்பட்ட ஜோக். அந்த ஜோக்குக்கெல்லாம் முடிவு என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அந்தக் காலத்து ஹீரோ இப்படி அராஜகம் பண்ணவில்லை.

கல்பனா: பண்ணினான். அவனும் அறைந்தான். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் என்பதால் கன்னம் ஆறுவதற்கு ஒரு வாரம் கிடைத்தது, நமக்கு மறந்துவிட்டது. இப்போது தினம் ஒரு எபிசோடு, வீக்கம் வடிவதற்குள் அடுத்த அறை. அறைந்ததைக்கூட விடு. என்னுடைய கணக்கே வேறு.

செல்வி: என்ன கணக்கு?

கல்பனா: மன்னிப்புக் கணக்கு. போன மாதம் ஒரு ஆன்டி ஹீரோ. 52 எபிசோடு அவளைப் படாத பாடு படுத்தினான். வேலையை விட்டு நிறுத்தினான், வீட்டுக்குப் போன் பேச விடவில்லை, ஆபீஸ் ஆட்கள் முன்னால் பணத்துக்காக வந்தவள் என்றான். உண்மை தெரிந்தது. என்ன செய்தான் தெரியுமா? ராத்திரி மொட்டைமாடியில், காதோரமாக, "ஸாரிடி". அவ்வளவுதான். அதிலும் பாதி எபிசோடு நிலா. அடுத்ததில் ஐந்து வருடம் கழித்து ஒரு ஆண், ஒரு பெண், இரட்டைக் குழந்தை.

செல்வி: இரட்டைதான் அக்கா எப்போதும். ஒற்றையாகப் பெற்றால் அந்த வீட்டில் சேர்க்க மாட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் அவனும் கஷ்டப்பட்டானே, நடுவில் ஜுரம் வந்து...

கல்பனா: சொன்னாய் பார்! அந்த ஜுரம்! ஒன்று விடாமல் எல்லாருக்கும் வருகிறது. 103 டிகிரி, மழையில் நனைந்து, அனத்திக்கொண்டு அவள் பேரைச் சொல்கிறான். இவள் விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போடுகிறாள். காலையில் அவனுக்குக் காய்ச்சலும் விட்டது, இவளுக்குக் கோபமும் விட்டது. எங்கள் சார் ஜாமீன் வாங்க ஒரு வாரம் நடையாய் நடக்கிறார், இவனுக்கு ஒரு பாராசிட்டமால் போதும்.

செல்வி: உடம்பு முடியாதவனை எப்படி அக்கா கோபித்துக்கொள்வது?

கல்பனா: உடம்பு தேறட்டும், காத்திருப்போம், அப்புறம் கோபித்துக்கொள்வோம். போன வாரம் ஒன்று படித்தேன் செல்வி, யாரோ புதிதாக எழுத வந்த பெண். ஹீரோ கூட்டுறவு பேங்கில் கேஷியர். சொந்தக்காரர் வளைகாப்பில் எல்லாருக்கும் நடுவே மனைவியை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறான். ஒரே வார்த்தைதான். இவள் ஜுரத்துக்கெல்லாம் மசியவில்லை, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். கடைசியில் அவன் அந்த வளைகாப்புக்கு வந்த ஒவ்வொரு வீடாக ஸ்கூட்டரில் போய், காபி கொடுத்தால் குடித்துக்கொண்டு, "அன்றைக்கு நான் பேசினது தப்பு" என்று சொல்லிவிட்டு வருகிறான். ஒரு பெரியம்மா அவனை நிற்கவைத்துத் திட்டுகிறார். நடுவில் பெட்ரோல் தீர்ந்து தள்ளுகிறான். முத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் ராத்திரி ஒரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன், இவர் எழுந்து திருடனா என்றார். பத்துப் பேர் முன்னால் அசிங்கப்படுத்தினால் அந்தப் பத்துப் பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை எழுதினவர்களுக்கு ஐந்து ஸ்டார். மற்றவர்களுக்கு என் பங்குக்கு ஒரு ஸ்டார், சட்டையை மடித்ததற்காக.

செல்வி: (கண்ணைத் துடைத்துக்கொண்டு) அருமையாகச் சொன்னீர்கள் அக்கா. நூற்றுக்கு நூறு.

கல்பனா: ரொம்பச் சந்தோஷம். அந்தப் பழைய துணிக்கு அடியில் என்ன?

செல்வி: எதன் அடியில்?

(கல்பனா துணியை விலக்குகிறார். அரக்கு நிறப் பட்டில் மார்க்கிங் சாக்கட்டிக் கோடுகள். முன்பாகம் இருக்கிறது, முதுகு இருக்கிறது. கை இன்னும் வெட்டவே இல்லை.)

கல்பனா: இதுதான் ஹெம்மிங்குக்குப் போனதா?

செல்வி: (மெதுவாக) ஸாரி அக்கா.

கல்பனா: என்ன சொன்னாய்?

செல்வி: ஸாரி என்றேன். ஆறு மணிக்குள் கொடுத்துவிடுகிறேன், சத்தியமாக. உங்களுக்கென்று பைப்பிங்கும் காசு வாங்காமல் வைக்கிறேன்.

கல்பனா: பைப்பிங் கிடக்கட்டும். நேற்று என் மாமியார் உன் பேச்சை நம்பி வீட்டுக்கு வந்து, ஜாக்கெட் ரெடி, கொக்கி மட்டும்தான் பாக்கி என்று கல்யாணத்துக்கு வந்திருக்கிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். இன்று காலை, கல்பனாவுக்கு ஒரு ஜாக்கெட் வாங்கி வரத் துப்பில்லை என்று கூடத்தில் பட்டிமன்றமே நடந்தது.

செல்வி: ஐயோ. நான் வேண்டுமானால் அப்புறம் தனியாக உங்கள் மாமியாரிடம்...

கல்பனா: தனியாகவா? மொட்டைமாடியில், காதோரமாகவா? (போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, செல்வியின் முகத்துக்கு நேராக நீட்டுகிறார்.) எல்லாரும் கூடத்தில்தான் இருக்கிறார்கள். பெரியம்மா ஒருத்தர்கூட இருக்கிறார், தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறார், நன்றாகத் திட்டுவார். மணி அடிக்கிறது, பேசு.

செல்வி: (மெஷின் மேல் மெல்லச் சாய்ந்தபடி) அக்கா... எனக்கு உடம்பெல்லாம் கொதிக்கிற மாதிரி இருக்கிறது. நெற்றியைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்.