மனுசப் பிறவியே இப்படித்தானா?

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) முனையில் அந்த அக்கா மோட்டாரோடு விழுந்த வீடியோவை நான் திரும்பவும் போடப் போவதில்லை. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அதைப் பார்க்காத ஆளே இருக்க முடியாது. ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் வீடியோவுக்குக் கீழே ஓடுகிற பேச்சு இருக்கிறதே, "மனுசப் பிறவியே இப்படித்தான், ரத்தத்திலேயே விஷம்" என்று, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இது ஞானம் இல்லை, சோம்பேறித்தனம். எல்லோரும் பிறவியிலேயே கெட்டவர்கள் என்று ஆகிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டாம் பாருங்கள்.

படித்த தம்பி ஒருவர் மில்கிராம் சோதனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே இருப்பவர் சொன்னால் அடுத்தவனுக்கு எவ்வளவு தூரம் மின் அதிர்ச்சி கொடுப்பார்கள் என்று பார்த்த சோதனை அது. சரி, பேசுவோம். 1960களின் தொடக்கத்தில், யேல் பல்கலைக்கழகத்தில், 40 பேரில் 26 பேர் சொன்னபடி கேட்டு 450 வோல்ட் விசை வரை தட்டினார்கள். (மின்சாரம் பொய். தட்டியவர்களுக்கு அது தெரியாது.) தம்பி அதோடு நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் இருவர் "முடியாது" என்று மறுத்துவிட்ட இன்னொரு சுற்றில், 40 பேரில் கடைசி வரை போனவர்கள் 4 பேர்தான். அதே மாதிரி சாதாரண மனிதர்கள்தான். 2019இல் வந்த ஓர் ஆய்வில் 219 தெருச் சண்டைகளின் கேமராப் பதிவுகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் யாராவது குறுக்கே போயிருக்கிறார்கள். அதெல்லாம் வைரலாகாது.

"அப்போ கெட்டவனுக்கு வக்காலத்தா?" என்று வருவீர்கள், தெரியும். இல்லை. செய்தவன் பதில் சொல்லத்தான் வேண்டும். பிறவிக் குணம் என்று சொல்லி அவனைத் தப்பவிடுவது நீங்கள்தான்.

எங்கள் தாத்தா சயாம் மரண ரயிலுக்குப் போனவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ஆட்களை வைத்துப் போட்ட பாதை அது. 415 கிலோமீட்டர் பாதை, 1943இல் காலரா வேறு. செத்த தோட்டத்து ஆட்களுக்குச் சரியான கணக்குகூட இல்லை. தாத்தாவின் பெயரைப் பட்டியலில் எழுதிக் கொடுத்தது ஜப்பான்காரன் இல்லை, எங்கள் தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதுகிறவர். அதே கிராணிதான் பாட்டிக்கு ராத்திரியில் அரிசி கொடுத்தனுப்பியவர். திரும்பி வந்த தாத்தா அவரைத் திட்டியதும் இல்லை, அவர் வீட்டு வாசலை மிதித்ததும் இல்லை. பாட்டியோ அவர் சாவுக்குப் போய் அழுதாள். அவர் நல்லவரா, கெட்டவரா? ஒரு வரியில் எழுதுங்களேன், பார்ப்போம்.

அப்புறம் இன்னொருவர் எழுதியது: "எஸ்டேட்டுப் புத்தி." இதற்கு எந்த ஆய்வு வைத்திருக்கிறீர்கள்? மனித இயல்பில் ஆரம்பித்த தத்துவம் கடைசியில் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வந்துதான் நிற்கிறது. அந்த அக்காவைத் தூக்கி உட்காரவைத்தவரும் செம்பனைத் தோட்டத்து ஆள்தான். வீடியோவின் கடைசியில் வருகிறார். அதற்குள் நீங்கள் தட்டிவிட்டுப் போயிருப்பீர்கள்.

"எஸ்டேட்டுப் புத்தி" என்று எழுதியவர் எனக்கு அண்ணன் முறை. அவர் அப்பாவும் என் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் ரப்பர் பால் வெட்டியவர்கள். இப்போது ஈப்போவில் வீடு வாங்கிவிட்டார், சந்தோஷம். அண்ணே, நான் நீக்குவதற்குள் நட்புப் பட்டியலிலிருந்து நீங்களே போய்விடுங்கள்.