ரிம் எண் 16 என்றால் எந்த டயரும் பொருந்துமா?

“ரிம் 16 என்றால் எந்த 16 டயரையும் மாட்டலாம், ஒன்றும் ஆகாது” என்று கோலாலம்பூர் புலனக் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு. 16 என்பது விட்டம் மட்டுமே. அகலமும் பொருந்த வேண்டும். 285/75ஆர்16 டயருக்கு (அகலம் 285 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 75 விழுக்காடு, ரிம் விட்டம் 16 அங்குலம்) குறைந்தது 7.5 அங்குல அகல ரிம் தேவை. பல பிக்கப் வண்டிகளின் கம்பெனி ரிம்மோ 7 அங்குலம்தான். ரிம்மிலேயே ‘7ஜே’ என்று பொறித்திருக்கும், குனிந்து பாருங்கள்.

அப்புறம் உயரம். வண்டியில் முன்பு 265/70ஆர்16 டயர் இருந்தால் அதன் உயரம் சுமார் 777 மி.மீ.; 285/75ஆர்16 டயரோ 834. முன்பு மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடிய அதே வேகமீட்டர் அளவில் இப்போது காராக் நெடுஞ்சாலையில் 107 ஓடுவீர்கள். முழுசாக ஸ்டீயரிங் திருப்பினால் டயர் வண்டியில் உரசவும் கூடும். டயர் தயாரிப்பாளரின் அளவு அட்டவணையையும், கதவோரம் ஒட்டியிருக்கும் வில்லையையும் பார்த்தாலே தெரியும். தயவுசெய்து இதை இனிப் பகிராதீர்கள்.