சோம்பேறி யாருங்க?

அந்த வீடியோவை நேத்துல இருந்து பதினோரு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. "நடவுக்கு ஆள் இல்ல, ஜனங்க சோம்பேறி ஆயிட்டாங்க"ன்னு வரப்புல நின்னு ஒருத்தர் பேசுறார். கீழே "உண்மை ஐயா"ன்னு வரிசையா கும்பிடு. வேட்டியில ஒரு பொட்டு சேறு இல்ல, அது போகட்டும்.

ஆள் எங்கேயும் காணாமப் போகல. கூலி ஒழுங்கா வர்ற இடத்துக்குப் போயிருக்கு. 1951-ல இந்தியாவுல உழைச்சவங்கள்ல 100-க்கு 70 பேர் விவசாயத்துல இருந்தாங்க. 2018-19-ல 43-க்கும் கீழ. எழுபது வருஷமாவா சோம்பேறித்தனம் பரவுது?

"எல்லாம் 100 நாள் வேலையால வந்தது"ம்பீங்க. அந்தச் சட்டமே 2005-ல வந்தது. எங்க பெரியப்பா திருப்பூருக்கு பஸ் ஏறினது 1988-ல.

எங்கம்மா முப்பது வருஷம் நாத்து நட்டவங்க. ஐப்பசி மாசம் கால்விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண், வெள்ளையா வெந்து கிடக்கும். ராத்திரி மஞ்சளை விளக்கெண்ணெய்ல குழைச்சு நான்தான் தடவுவேன். காலையில திரும்ப அதே சேறு. கூலிக்கு வயல்காரர் வீட்டுல போய் நின்னா "நாளைக்கு வா". அந்த வீட்டுப் பேரன் எங்கம்மாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அவனுக்கு ஒன்பது வயசு.

தங்கச்சி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில இருக்கா. நாள் முழுக்க நின்னே வேலை, ஹாஸ்டல் ரூம்ல எட்டுப் பேர். சொர்க்கம்னு நான் சொல்லல. ஆனா சம்பளத்துக்கு யார் திண்ணையிலயும் நிக்க வேண்டியதில்ல. 2019-20 கணக்குப்படி இந்தியாவுல ஃபேக்டரி வேலை பாக்குற பெண்கள்ல 100-க்கு 43 பேர் தமிழ்நாட்டுல. இவங்கதான் உங்க சோம்பேறிங்க.

"அப்போ சோறு யாருங்க போடுவா?" அறுவடை மெஷின் வந்து அறுப்பு வேலை பறிபோனப்ப, அந்தப் பொம்பளைங்க சோத்துக்கு என்ன செய்வாங்கன்னு யார் கேட்டீங்க? கொரோனாவுல கம்பெனியெல்லாம் மூடினதும் ஜனங்க வயலுக்குத்தானே திரும்பினாங்க? அந்த வருஷம் விவசாயத்துல இருந்தவங்க 100-க்கு 45-ஐத் தாண்டுனாங்க. அப்ப ஏன் யாரும் கைதட்டல? சின்ன விவசாயிக்குக் கட்டுப்படியாகல, ஒத்துக்கிறேன். எங்க மாமாவே குத்தகையில நொந்தவர். அதுக்கு நெல் விலையைப் பேசுங்க. இப்ப மேற்கு வங்காளத்துல இருந்து வந்து நடுறாங்களே, அவங்க பிள்ளைங்க படிச்சு வராம நின்னா அவங்களையும் இப்படித்தான் திட்டுவீங்களா?

கூலி கூடக் கேட்டதுக்கு 1968-ல கீழ்வெண்மணியில 44 பேரைக் குடிசையோட கொளுத்தின டெல்டா சார் இது. இங்க நின்னுக்கிட்டு சோம்பேறிங்கறீங்க.

"உண்மை ஐயா" போட்டவங்கள்ல ஒருத்தன் எங்க தெருக்காரன். அவன் அம்மாவும் எங்கம்மாவும் ஒரே வயல்ல பக்கத்துப் பக்கத்துல நின்னு நட்டவங்க. அதான் தாங்கல.