ரவணசமுத்திரத்தில் சிக்னல் விழாத ராத்திரி

மாசி சிவராத்திரி வந்தாலே எனக்கு ரவணசமுத்திரம் ரயில்வே ஸ்டேஷன்தான் ஞாபகத்துக்கு வரும்.

சில வருஷம் முந்தி அத்தையைக் கூட்டிக்கிட்டு காசிக்குப் போயிருந்தோம். தென்காசிக்காரி ஒருதடவை வடக்க உள்ள காசியையும் பாத்துரணும்னு அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. ஹனுமான் காட் பக்கம் தங்கல். (கடையத்து மாப்பிள்ளை பாரதி சின்ன வயசில் இருந்த அதே இடம். அத்தை அதைப் போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா.) சிவராத்திரி சாயங்காலம் அத்தை கூட வந்த பொம்பளைங்களோட கோயிலுக்குப் போயிட்டா. நானும் அத்தை மகனும் கோதௌலியா கடைத்தெரு பக்கம் நழுவிட்டோம்.

அங்க கஞ்சாச் செடி இலையில் செய்யிற பாங் விற்க அரசாங்க லைசென்ஸே உண்டு. 1985-ல வந்த போதைப்பொருள் சட்டப்படி கஞ்சான்னா பூவும் காயும் உள்ள நுனி. இலை மட்டும் தனியா இருந்தா அந்தக் கணக்கில் வராது. அந்த இலையை அரைச்சு உருட்டினதுதான் பாங். சிவனுக்குப் பிடிச்சது, லைசென்ஸ் கடை, என்ன ஆயிரப்போகுதுன்னு எங்களுக்கு ஒரு தைரியம். கடைக்காரர் ஒரு பச்சை உருண்டையைத் தண்டாய்ங்கிற மசாலாப் பாலில் கரைச்சுக் குடுத்தார். அவர் விரல் கிள்ளினதுதான் அளவு, வேற அளவே கிடையாது. நான் ரெண்டு மடக்கோட நிறுத்திட்டேன். யோக்கியன்னு இல்ல, அந்த நிறமே எனக்கு ஒவ்வல. அவன் முழுத் தம்ளரையும் குடிச்சான். முக்கால் மணி நேரம் கழிச்சு, "மாப்ள, ஒண்ணுமே ஏறலல, ஏமாத்திட்டாம்ல"ன்னு இன்னொரு தம்ளர்.

அந்த ரெண்டாவது தம்ளர்தான் வினை. புகைச்சா நிமிஷக்கணக்கில் தெரிஞ்சிரும். வயித்துக்குள்ள போனது தலைக்கு ஏற அரை மணியிலேருந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகும். கல்லீரல் வேற அதை இன்னும் வீரியமான சரக்கா மாத்தி ரத்தத்தில் விடும். முதல் தம்ளர் வேலையைத் தொடங்குறப்ப ரெண்டாவது வாசல்ல நிக்கும். அடங்க ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும்.

ரூமுக்கு வந்து சேர்ந்ததும் ஆரம்பிச்சது. "மாப்ள, நெஞ்சு வெடிக்கப்போகுதுல. நான் பொழைக்க மாட்டேன்." கையைப் பிடிச்சா நாடி தடதடன்னு ஓடுது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிச்சு. நான் பாத்ரூம் போயிட்டு ஒரு நிமிஷத்தில் திரும்பினா, "ரெண்டு மணி நேரமா எங்கல போன?"ங்கான்.

பக்கத்து ரூம்காரங்க வந்துட்டாங்க. ஒருத்தர் எலுமிச்சம்பழம்ங்கார், ஒருத்தர் புளித்தண்ணி. ஒருத்தர் பச்சைத்தண்ணியில் தலையோட முக்கச் சொன்னார். இன்னொரு புண்ணியவான், ஒரு பெக் உள்ள போனா தூங்கிருவான்னார். எலுமிச்சை கெடுதல் இல்ல, முறிவும் இல்ல. தலையோட முக்குறதும் பெக்கும்தான் ஆபத்து. எந்திரிச்சு நின்னாலே பிரஷர் இறங்கித் தலை சுத்துற ஆளை ஈரத் தரையில் நிறுத்தினா மண்டைதான் உடையும். சாராயம் சேர்ந்தா போதையும் வாந்தியும் கூடத்தான் செய்யும். தூக்க மாத்திரையும் குடுக்கக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கிறதும் வேண்டாம். இதை முறிக்க வீட்டில் மருந்து கிடையாது. நேரம் போகணும், அவ்வளவுதான்.

என் பங்குக்கு நானும் ஒரு தப்பு பண்ணினேன். "அறிவிருக்கால உனக்கு, அத்தைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்"னு கத்தினேன். அவன் நடுங்கி அழ ஆரம்பிச்சுட்டான்.

கோயில்லேருந்து வந்த அத்தை ஒரு பார்வையில் புரிஞ்சுக்கிட்டா. திட்டல. டியூப்லைட்டை அணைச்சு, கூட்டத்தை வெளிய அனுப்பி, அவனை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தண்ணியை ஒவ்வொரு மடக்கா குடுத்தா. பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து, "ஏல, ஒண்ணும் ஆகாது, விடியறதுக்குள்ள இறங்கிரும். தென்காசில ரயில் ஏறியாச்சு. அடுத்த ஸ்டேஷன் என்ன, சொல்லு"ன்னா.

"கீழப்புலியூர்... பாவூர்சத்திரம்... கீழக்கடையம்..."

"மேட்டூர விட்டுட்டியே."

"மேட்டூர்... கீழக்கடையம்... ரவணசமுத்திரம்..." அதோட நின்னுட்டான். ரொம்ப நேரம் கழிச்சு, "ரயில் நின்னுருச்சும்மா. சிக்னல் போடல"ன்னான். அத்தைக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவனும் சிரிச்சான். நாடி அப்பத்தான் கொஞ்சம் இறங்கினது.

எல்லாரும் இப்படித் தப்பிக்க முடியாது, அதையும் சொல்லிடறேன். நெஞ்சு வலிச்சாலோ, மயங்கி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தட்டி எழுப்பியும் முழிக்கலன்னாலோ, மூச்சு ஒழுங்கா இல்லன்னாலோ, வாந்தி நிக்கலன்னாலோ, இல்லாத குரல் கேக்குது, செத்துருவேன்னு குதிக்கப் போனாலோ ரயில் ஸ்டேஷனெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது. உடனே 108. இதய நோய் உள்ளவங்க, கர்ப்பிணி, வயசானவங்கன்னா இன்னும் சீக்கிரம். இப்ப கஞ்சா சாக்லேட்னு போலீஸ் பிடிக்கிற செய்தி வருதே, அந்த மாதிரி எதையாவது ஒரு குழந்தை தின்னுட்டா அறிகுறிக்காகக் காத்திருக்காம தூக்கிட்டு ஓடணும். குழந்தைக்கு மூச்சே மந்தமாகலாம். போற இடத்தில் என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லணும். ஃபுட் பாய்சன்னு பொய் சொன்னா அவர் அதுக்குத்தான் வைத்தியம் பாப்பார்.

என் கோபம் இங்கதான். போதை வேண்டாம்னு பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுக்கோம், சரி. எடுக்கத்தான் வேணும். ஏற்கெனவே உள்ள போயிருச்சுன்னா அந்த ஆறு மணி நேரம் கூட இருக்கிறவன் என்ன செய்யணும்னு எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரல. மானம் போயிரும்னு கதவைச் சாத்திக்கிட்டு உள்ளுக்குள்ள அடிச்சுக்கறோம். தினமும் இல்லாம முடியலங்கிற நிலைமையில் இருக்கிறவங்க கதை வேற. அதுக்கு 14446-னு இலவச நம்பர் இருக்கு, கூச்சப்படாமப் பேசுங்க.

மறுநாள் காலையில் பூரியும் ஜிலேபியும் வெளுத்து வாங்கிட்டு, வாடகை ஸ்கூட்டர் எடுத்து சாரநாத் போவோம்னான். கண்ணு இன்னும் செருகிக்கிட்டு இருக்கு, அடுத்த நாளும் கை கால் நிதானம் முழுசா வராது. அத்தை சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிஞ்சுக்கிட்டா. ஆட்டோவில்தான் போனோம். புத்தர் முதல் உபதேசம் பண்ணின இடத்தில் புல்தரையில் மத்தியானம் வரைக்கும் குறட்டை விட்டான்.