கோடு தெரியாத இடத்தில் விரல் வைக்கும் சுகம்

பழைய பாணி பேஸ் கிட்டார் வெறும் பழமை ஏக்கம், ஃப்ரெட்லெஸ் (கழுத்தில் ஸ்வர இடங்களைப் பிரிக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகள் இல்லாத பேஸ்) எல்லாருக்கும் ஒத்துவராது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. இரண்டாவதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். முதலாவதை இல்லை.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. ஒன்று, 1960இல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் அமைப்பில் செய்த புதிய கருவி. பேட்டரி கிடையாது. இரண்டு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் அடிப்பகுதி) பக்கத்துப் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பகுதி) முழுதாகத் திறந்து இன்னொன்றைக் கொஞ்சம் குறைத்தால் வருகிற அந்த மூக்கொலி, எத்தனை குமிழ் வைத்தாலும் எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

அப்புறம் ஃப்ரெட்லெஸ். சாதாரண பேஸில் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் போதும். இதில் ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய இடத்திலேயே விரல் விழ வேண்டும். முதல் சில மாதங்கள் என் சுருதி தள்ளாடியது உண்மை. விரல் வைக்காத திறந்த கம்பி ஒன்றை ஒலிக்க விட்டு, அதோடு சேர்த்து மெதுவாக வாசித்துத்தான் காது பழகியது. ஆனால் கம்பி மரத்தை உரசி அதிரும்போது ஸ்வரம் மெல்ல மலர்கிறதே, மனிதக் குரல் மாதிரி! அதற்காக இன்னும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ரவுண்ட்வவுண்ட் கம்பி (மேலே உருண்டை இழை சுற்றியதால் சொரசொரப்பானது) ஃப்ரெட்லெஸின் விரல் பலகையை அரித்துவிடும். ஃப்ரெட்லெஸ் வாசிப்பில் பேர்பெற்ற ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸின் விரல் பலகைக்கு எபாக்சி என்ற கெட்டிப் பிசின் பூசியது அதனால்தான். பூச்சு இல்லாத பலகை என்றால் ஃபிளாட்வவுண்ட் (தட்டை இழை சுற்றிய வழவழப்பான கம்பி) போடுங்கள்.